பட்டாள இந்தி

சீனாக்காரன் மலை ஏறி இறங்கி வந்த வருஷம் தாராவியில் எல்லோரும் மீசை வளர்த்தார்கள். சிலருக்கு மீசை வந்தது. சிலருக்கு மேல் உதட்டில் அழுக்கு மட்டும் வந்தது. வானமாமலைக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருடைய மீசை முன்பே இரண்டு பக்கமும் காது வரைக்கும் போய், அங்கே இடம் இல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு மனிதர் இருந்தார் என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அவர் ஒரு தோல் கிடங்குக்கு வாட்ச்மேன். திருட வருகிறவன் நாற்றம் தாங்காமல் தானே ஓடிப்போவான் என்பதால் உட்கார்ந்துகொண்டே செய்கிற உத்தியோகம். ஆனால் வேலை என்னவென்று யாராவது கேட்டால் "பட்டாளத்தான்" என்பார். பூனா பக்கம் ஒரு பட்டாள முகாமில் ஆறேழு வருஷம் இருந்தாராம். அங்கே என்ன செய்தீர் என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடும்.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுலே. சர்க்கார் ரகசியம்."

அந்த ரகசியத்தை அவர் மனைவி சொர்ணம்மாள்கூட அறியமாட்டாள். அறிந்துகொள்ள ஆசையும் அவளுக்கு இல்லை. அவர் பூனாவில் இருந்த வருஷங்களில் அவள் ஊரில் நிம்மதியாக இருந்தவள்.

இவர்களுக்கு ஒரே மகள் பூமாரி. கிடங்கில் தோலுக்கு உப்புத் தடவுகிற வெயிலுமுத்து அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தியில் அவனுக்குத் தெரிந்தது தண்ணீருக்கு 'பானி', போதும் என்பதற்கு 'பஸ்' என்ற இரண்டு சொற்கள். முறைக்கு வானமாமலை அவனுக்கு மாமா. கேட்கலாம் என்ற உரிமையில் கேட்டுவிட்டான்.

வானமாமலை மீசையின் இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து முறுக்கினார்.

"பட்டாளத்தான் மகளைப் பட்டாளத்தானுக்குத்தாம்லே குடுப்பேன். தை பொறக்கதுக்குள்ள பட்டாளத்துல சேரு, பூமாரி ஒனக்கு. இல்லன்னா அம்பர்நாத் மேஸ்திரிக்கு வாக்குக் குடுத்துருவேன்."

அம்பர்நாத் மேஸ்திரி ஒரு பாக்டரியில் இருந்தார். முதல் மனைவியை இழந்தவர். காது முடியைக் கத்தரித்தால் இரண்டு தலையணை தைக்கலாம். ஒருமுறை அவர் காதில் குருவி கூடு கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பூமாரிக்கு அவர் முறைகூட இல்லை, வயதும் இல்லை. ஆனால் மேஸ்திரி என்ற பட்டத்தின் மேல் வானமாமலைக்கு ஒரு மயக்கம்.

பூமாரி வெயிலுமுத்துவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

"நீ பட்டாளத்துல சேரலன்னா நான் அந்தக் காதுமுடிக்காரன் கூடப் போவணும். அதனால சேரு. ஆனா எங்கய்யா சொல்லுததைக் கேட்டுச் சேராத. அவரு சொல்லி எதுவும் வெளங்குனதில்ல."

வெயிலுமுத்து தலையாட்டினான். பிறகு நேராக மாமாவிடம் போய், "மாமா, நீங்களே என்னைத் தயார் பண்ணி விடணும்" என்றான். பயலுக்குத் தலை பெரிது. உள்ளே காற்றோட்டமும் நல்லது.

பயிற்சிக்கு இன்னொருவனும் சேர்ந்தான். சலாவுதீன், மேலப்பாளையத்துக்காரன், சின்ன வயதிலேயே பம்பாய் வந்து, மாமன் வைத்திருந்த ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தி அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சீனாக்காரன் குண்டு எவ்வளவு சுட்டாலும் அந்த அடுப்பு அளவுக்குச் சுடாது என்பது அவன் கணக்கு.

முதலில் ஓட்டம். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை ஓடித் திரும்பவேண்டும். வானமாமலை பின்னால் ஒரு வாடகை சைக்கிளில் வந்தார். ஓடுகிறவர்களைவிட அவருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது. வெயிலுமுத்து ஓடினால் தரை அதிரும், ஆள் நகரமாட்டான். அவன் நிழல் முன்னால் போய் மாட்டுங்காவில் ஒரு காபி குடித்துவிட்டுக் காத்திருக்கும்.

மாட்டுங்காவில் ஒரு மாடி பால்கனியில் கிட்டு பேப்பரை விரித்து வைத்திருப்பார். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா.

"யாருடா துரத்தறா உங்களை? போலீஸா?"

"பட்டாளத்துக்குத் தயாராகுறோம் சார்" என்றான் சலாவுதீன்.

"பேஷ்! நாங்களும் தயாராத்தான் இருக்கோம். விடியக்காலத்துலேர்ந்து ரேடியோவை அணைக்கவே இல்லை. சீனாக்காரன் மட்டும் இந்தப் பக்கம் வரட்டும்."

வந்தால் என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி விஜயலக்ஷ்மி உள்ளேயிருந்து, "வந்தா காபிக்குப் பால் இல்லைன்னு சொல்லி அனுப்புங்கோ" என்றாள். மாட்டுங்காவின் யுத்த ஏற்பாடு அவ்வளவுதான்.

ஓட்டத்துக்குப் பிறகு மார்பு. மூச்சு இழுத்தால் மார்பு இரண்டு அங்குலம் விரியவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெயிலுமுத்து மூச்சை இழுத்தால் விரிவது வயிறுதான். மார்பு பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு நாள் ரோஷத்தில் ஒரே இழுப்பாக இழுத்தான். சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் மாஹிம் பக்கம் ஒரு தெருவிளக்கை அணைத்தது. மார்பு அப்போதும் விரியவில்லை.

இதற்கெல்லாம் மேலே கவாத்து. இங்கேதான் வானமாமலை தம்முடைய கல்வியைக் காட்டினார்.

"பட்டாளத்துல எல்லாமே இந்தி. நல்லாக் கேட்டுக்கோங்க. 'சாவ்தான்'னு சத்தம் வரும். அப்படின்னா என்ன?"

"தெரியலயே மாமா."

"சாவுதாம்லே! வேறென்ன? இனி சாவுதாம்னு மனசுல நெனச்சுப் பொணம் மாதிரி நிக்கணும். கண்ணை மூடு. கால் பெருவிரல் ரெண்டையும் சேத்து வை, கட்டுதவன் வந்து கட்டுத தோதுல."

வெயிலுமுத்து அப்படியே நின்றான். அவ்வளவு அழகாக நின்றான், வழியில் போன ஒரு பெண்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு யார் வீட்டுப் பையன் என்று விசாரித்தாள்.

"அடுத்தது 'விஷ்ராம்'. விசிறிக்கிடலாம்னு அர்த்தம். துண்டால விசிறு. அப்புறம் 'தம்'. தம் கட்டணும். மூச்சு விட்டா சுட்டுருவான்."

சலாவுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். இதெல்லாம் அவனுக்கு ரொட்டிக் கடையில் கிடைக்காத பொழுதுபோக்கு. அடுத்த பாடத்தில்தான் அவனுக்குச் சிரிப்பு நின்றது.

"'தாயினே முட்'. தாயை நெனச்சுக்கிட்டு முட்டு. பாரதத் தாய்லே! 'பாயே முட்'. பாயை முட்டு."

"எந்தப் பாயை அண்ணாச்சி?" என்றான் சலாவுதீன்.

"இங்க எத்தனை பாய் நிக்கான்? ஒன்னையத்தான்."

"அண்ணாச்சி, தாயினேன்னா வலது பக்கம். பாயேன்னா இடது பக்கம். முட்னா திரும்புறது. என் மாமன் கடையில சைக்கிள்காரனுக்கு நான் நெதமும் சொல்லுறதுதான்."

வானமாமலை அவனை ஏற இறங்கப் பார்த்தார். ரொட்டியைப் பார்க்கிற பார்வை.

"அது பஜார் இந்தி. நான் சொல்லுதது பட்டாள இந்தி. நீ ரொட்டி விக்கப் போறியா, சண்டைக்குப் போறியா? முட்டுங்கிற சொல்லு தமிழ்லயும் இருக்கு, இந்தியிலயும் இருக்கு. கடைசியில வார 'டு' மட்டும் சாபுமாருக்கு வாயில நிக்காது, முழுங்கிருவானுவ. ஏலே வெயிலு, பாயே முட்!"

வெயிலுமுத்து முட்டினான். சலாவுதீன் போய் விழுந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. முன்பு இருந்ததா, அப்போது ஆனதா என்று இன்றுவரை தகராறு உண்டு.

இதற்கு முன்னால் 'பீச்சே முட்' என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். அதை எழுதினால் அச்சுக் கோக்கிறவர் வேலையை விட்டுப் போய்விடுவார்.

தலை உறுதியாகவேண்டும் என்று வெயிலுமுத்து கிடங்கில் உப்பு மூட்டைகளை முட்டிப் பழகினான். கல்லுப்பாக வந்த மூட்டைகள் தூளுப்பாக மாறின. முதலாளி சந்தோஷப்பட்டு, அரைக்கிற கூலி மிச்சம் என்று அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவன் வாழ்நாளில் அவன் தலையால் ஆன ஒரே நன்மை அது.

உடம்பு இப்படித் தேறிக்கொண்டிருக்க, மனதைத் தேற்றுவதற்கு வானமாமலை வேறு வழி வைத்திருந்தார். பட்டாளத்தில் சுபேதார்கள் திட்டுவார்களாம். அதற்கு மனது பழகவேண்டுமாம். திட்டு வாங்க அவர் வீட்டைவிட நல்ல இடம் எது? இரண்டு பேரையும் குழாயடிக்குக் கூட்டிப் போய், சொர்ணம்மாள் எதிரே 'சாவ்தான்' சொல்லி நிறுத்தினார்.

சொர்ணம்மாள் வாயைத் திறந்தால் மேலே மின்கம்பியில் இருக்கிற காக்கை இடம் மாறி உட்காரும். சயான் ஸ்டேஷனில் ரயில் நின்று, சிக்னலா என்று கேட்கும்.

"ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கீங்க, சவத்து மூதிகளா? எவன் தூக்கிட்டுப் போவணும்? குடத்தை வைக்க எடமில்ல, இங்க ரெண்டு பொணம்!"

"இன்னும் கொஞ்சம் காட்டமா" என்றார் வானமாமலை. "சீனாக்காரன் முன்னால நிக்கப் போறவனுவ."

"ஒமக்குத் தனியா வேற வையணுமா? மீசையை வச்சு வீடு பெருக்கக்கூட முடியாது, இவரு பட்டாளம் நடத்துதாராம். ஒமக்குப் பட்டாளத்துல எவன்வே சோறு போட்டான்?"

வானமாமலை திரும்பிப் பெருமையோடு சொன்னார்: "பாத்தியாலே? நான் கலங்குனேனா? இதுதான் பயிற்சி."

மார்கழி முடியும் தறுவாயில் செம்பூரில் ஒரு மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அம்பர்நாத் மேஸ்திரியும் ஆள் அனுப்பியிருந்தார்: தை முதல் வெள்ளிக்கிழமை பூ வைக்க வரலாமா? அனேகமாக வரலாம், செம்பூர் முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வானமாமலை சொல்லி அனுப்பினார்.  வெயிலுமுத்துவின் சட்டையில் விட்டுப்போன பொத்தானைப் பூமாரி தைத்துக் கொடுத்தாள், ஊசியைக் கொஞ்சம் கோபமாகக் குத்தி.

எடை கூடவேண்டும் என்று வழியெல்லாம் வெயிலுமுத்து வாழைப்பழம் தின்று தண்ணீர் குடித்தான். மைதானத்துக்குள் அவன் நுழைந்தபோது வயிற்றுக்குள் கடல் சத்தம் கேட்டது. வானமாமலை மீசைக்கு எண்ணெய் தடவி, மார்பில் எங்கோ வாங்கிய ஒரு பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு, வேலிக்கு வெளியே மரத்தடியில் நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். வேடிக்கை பார்க்கக் காசு கேட்கவில்லை.

சுபேதார் ஆறடிக்கு மேல் ஒரு ஆள். வயிறு மட்டும் தனியாக அரையடி முன்னால் நின்றது. வந்த பையன்களை வரிசையாக நிறுத்தினார். சலாவுதீன் அனுபவசாலி, வெயிலுமுத்துவை விட்டு ஏழெட்டு ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

"சாவ்தான்!"

வெயிலுமுத்து பிணமானான். அந்த வரிசையிலேயே அவனைப்போல் விறைப்பாக நின்றவன் யாரும் இல்லை. சுபேதார் அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தேஸ் சல்!" என்று நடக்கவைத்தார். முன்னால் போகிறவனைப் பார்த்து இவனும் நடந்தான்.

"தம்!"

எல்லோரும் நின்றார்கள். வெயிலுமுத்துவும் மூச்சைப் பிடித்ததால் நடக்கமுடியாமல் நின்றான். மரத்தடியில் வானமாமலை என் விலாவில் இடித்தார். "பாத்தீரா? யாரு சொல்லிக் குடுத்தது?"

இடது பக்கம் எடை பார்க்கிற இடம். அந்தப் பக்கம் திரும்பிப் போகவேண்டும். சுபேதார் நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக் கூவினார்:

"பாயே முட்!"

வரிசை முழுவதும் இடது பக்கம் திரும்பியது. வெயிலுமுத்து மட்டும் திரும்பவில்லை. குனிந்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், நெற்றியில் குங்குமம். ஆகவே அவன் இல்லை. அடுத்தவனைப் பார்த்தான், கழுத்தில் சிலுவை. வெயிலுமுத்து சட்டப்படி நடக்கிற பையன். ஏழெட்டு ஆள் தள்ளி இருந்த பாயைக் கண்டுபிடித்துவிட்டான்.

அவன் கண்ணைப் பார்த்தவுடன் சலாவுதீன் ஓடினான். "வேண்டாம்லே! இது வேற இந்தி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். வெயிலுமுத்துவின் காதில் விழவில்லை. வாழைப்பழமும் தண்ணீருமாக, தலையைத் தாழ்த்தி, லோகல் ரயில் மாதிரி வந்துகொண்டிருந்தான். நிழலைவிட வேகமாக அவன் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிய சலாவுதீன், வேறு வழி தெரியாமல் சுபேதாரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

உப்பு மூட்டையைத் தூளாக்கிய தலை சுபேதார் வயிற்றில் போய் இறங்கியது.

சுபேதார் எழும்பிப் போய் எடை மேடையில் உட்கார்ந்தார். முள் மூன்று முறை சுற்றி, எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றது. அவர் மார்பில் இருந்த மெடல்கள் நாலு பக்கமும் தெறித்தன. ஒன்று ட்ராம்பே வரைக்கும் போனதாகச் சலாவுதீன் சொல்வான். அவ்வளவு பொய் என்னால் சொல்லமுடியாது. செம்பூர் ஸ்டேஷனில்தான் விழுந்தது.

நாலு சிப்பாய்கள் வெயிலுமுத்துவை அமுக்கினார்கள். சீனாக்காரன் அனுப்பிய ஆளா என்று கேட்டார்கள். போலீசைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரியாத்தானே முட்டுனேன்? பாயி நகந்துட்டாம்லா?" என்று அழுதான்.

சுபேதாருக்குப் பேச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பது. சலாவுதீன் தமிழில் சொன்னான். வெயிலுமுத்து வேலிப் பக்கம் கையை நீட்டினான். வானமாமலை அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் வெளியே தெரிந்ததால் எளிதாகப் பிடித்துவிட்டார்கள்.

"நீ எந்த ரெஜிமெண்ட்?" என்று சுபேதார் கேட்டதைச் சலாவுதீன் தமிழ்ப்படுத்தினான்.

வானமாமலை வெயிலுமுத்துவைப் பார்த்தார். அவன் கையில் கயிறு கட்டியிருந்தார்கள். அடுத்த கயிறு தமக்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். பல வருஷம் காத்த சர்க்கார் ரகசியம் அங்கேயே கொட்டிவிட்டது.

"ரெஜிமெண்ட் எல்லாம் இல்லைன்னு சொல்லுலே. முகாமுக்கு வெளிய, சொவத்துக்கு இந்தப் பக்கம் லாண்டரியில துணி தோச்சேன். தோபி, சாப், தோபி! சொவத்துக்கு அந்தப் பக்கம் 'பாயே முட்'னு சத்தம் கேக்கும். அடுத்தாப்ல 'தடால்'னு ஒரு சத்தம். முட்டிக்கிடுதானுவன்னு நெனச்சேன். சொவரு ஒசரம். எட்டிப் பாக்க முடியல."

பூட்ஸ் சத்தம்தான் அந்தத் தடால். சலாவுதீன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். சுபேதார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தால் வலித்தது, வலித்ததால் திட்டினார், மறுபடி சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோபி?" என்று கேட்டார். முகாமில் இருந்த தோபி, சண்டை என்றதும் ஓடிப்போயிருந்தானாம். வடக்கே போகிற பட்டாளத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம்.

வானமாமலையின் மீசை முதல் தடவையாகக் கீழே தொங்கியது.

"வயசாயிட்டு, முதுகு வலி இருக்கு, என்னைய விட்டுரச் சொல்லுலே சலாவுதீன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

சலாவுதீன் நெற்றியில் இருந்த பழைய வீக்கத்தைத் தடவிக்கொண்டான். பிறகு சுபேதாரிடம் நீளமாக ஏதோ சொன்னான். சுபேதார் எழுந்து வந்து வானமாமலையின் தோளில் தட்டி, "சாபாஷ்!" என்றார்.

"என்னலே சொன்ன?"

"இந்த நாட்டுக்காக இன்னைக்கே ரயில் ஏறத் தயார்னு சொன்னேன் அண்ணாச்சி."

சலாவுதீனையும் எடுத்துக்கொண்டார்கள். அவன் ஓடிய ஓட்டத்தைச் சுபேதார் நேரில் பார்த்திருந்தார் அல்லவா. வெயிலுமுத்துவை மட்டும் டாக்டர் தலையைத் தட்டிப் பார்த்து, அடிபடவில்லை, அடிபட உள்ளே ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். பட்டாளத்தின் பக்கம் இனித் தலைகாட்டக்கூடாது என்று சொன்னார்கள். சொன்னது தலையைத்தான்.

ரயில் ஏற்றிவிட வி.டி. ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம், சொர்ணம்மாள் இடுப்பில் ஒரு கூடையோடு. வானமாமலை பெட்டிக்குள் ஜன்னலோரம், காக்கி உடுப்பு தொளதொளவென்று, பக்கத்தில் சிரித்த முகத்தோடு சலாவுதீன். வெயிலுமுத்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். தை பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

வானமாமலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சொர்ணம், பேச்சு பேச்சுதான். அவம் சேரல. வெள்ளிக்கிழமை அம்பர்நாத்துல இருந்து வருவாவ. பூ வச்சு அனுப்பு. பட்டாளத்தான் மகளை..."

"யாரு பட்டாளத்தான்?" என்றாள் சொர்ணம்மாள். ப்ளாட்பாரத்தில் கூலிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "சொவத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன்னு நீரே ஊரு கேக்கச் சொல்லிட்டீருல்லா? துணி தோய்க்கவரு மகளுக்கு உப்புத் தடவுதவன் பொருத்தம்தான்."

"இப்பச் சேந்துட்டேன்லா! இப்ப நான் நெசப் பட்டாளத்தாம்ட்டீ!"

"அப்பப் போயிட்டு வாரும். சண்டையை முடிச்சு, சீனாக்காரன் துணியையும் தோச்சுக் காயப்போட்டுட்டு வந்து சொல்லும். பேரப்பிள்ளையை மடியில வச்சுக்கிட்டுக் கேக்கேன். ஏலே வெயிலு, தை பொறந்ததும் தாலிக்குச் சொல்லு."

ரயில் நகர்ந்தது. வானமாமலை என்னவோ கத்தினார். சொர்ணம்மாள், "சரி, சரி" என்று கையை ஆட்டினாள்.

வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றான். பூமாரி அவனைப் பார்த்தாள். சந்தோஷத்தைக் காட்டிவிட்டால் பயல் தலைக்குமேல் ஏறிவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். தாய்க்குப் பிறந்த மகள்.

"அழுதது போதும். அம்மா கூடையைத் தூக்கு."

தூக்கினான். இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.